ஆறின கறி பரிமாறிய மத்தியானம்

திருவனந்தபுரம் தம்பானூரில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற லாட்ஜுக்குப் போன வாரம் போயிருந்தேன். சாப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தீர்கள். அறையைக் காலி செய்ய மனமில்லாமல் நாள் கடத்துகிற ஒருவரைப் பற்றிப் பேச்சு. உங்களில் ஒருவர், மீசையைக்கூடச் சரியாக வெட்டத் தெரியாதவர், "அவருக்கு நல்லா கோல்ட் ஷோல்டர் கொடுத்தா தானா போயிருவார்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கிழவனுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. முகம் கொடுக்காமல் ஒதுக்குவதைச் சொல்கிற அந்த இங்கிலீஷ் வார்த்தையை நான் ஒரு தட்டில் வைத்துக் கையால் ஏந்திக்கொண்டு போனவன். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

மேசை விரிப்பது, எந்தப் பக்கம் நின்று பரிமாறுவது, முள்கரண்டியை எங்கே வைப்பது எல்லாம் பத்து நாளில் வந்துவிடும். வராவிட்டால் உங்கள் மானேஜர் வரவழைத்துவிடுவார். அதற்கெல்லாம் நான் வேண்டியதில்லை.

முப்பதுகளின் தொடக்கம். மகாராஜா காலம். திருவனந்தபுரத்தில் மேட்டுப் பாங்கான ஓரிடத்தில் துரைமார் கிளப் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம், கட்டடமும் இப்போது இல்லை. நான் அங்கே இரண்டாம் பட்லர். வயது இருபத்தாறு. மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பின்கட்டில் ஓர் அறை தந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் பேச ஆள் கிடையாது. குசினியில் இருந்தவர்கள் மலையாளத்துக்காரர்கள். நல்லவர்கள்தான், ஆனால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரமனைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தெருத் தெருவாக இருந்தன. துரைமாருக்குக் கறி பரிமாறுகிறவன் அந்தத் தெருவுக்குப் போய் யாரிடம் பேச முடியும்? ஊரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அதை மாதம் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பேன்.

அப்படி இருந்தபோதுதான் சின்ன தொரை வந்தார்.

வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் இருந்தவர். தோட்டங்களில் மானேஜரைப் பெரிய தொரை என்பார்கள், அவருக்குக் கீழே இருப்பவர் சின்ன தொரை. இவர் கிழவராகும்வரை சின்ன தொரையாகவே இருந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து கிள்ள வந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தியை முறைப்படி கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். ஊரறியாமல் வைத்திருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்யாணம் செய்ததுதான் குற்றமாகிவிட்டது. அந்த அம்மாள் இறந்த வருஷமே தோட்டத்தில் இவரை அனுப்பிவிட்டார்கள். ஒரே மகள் கிரேஸ், மார்த்தாண்டத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, அங்கேயே போர்டிங்கில் இருந்தாள். இவருக்குப் போக வீடில்லை. இளமையில் கிளப்பில் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார், அதனால் ஒரு தகரப் பெட்டியோடு அங்கே வந்து இறங்கினார்.

உறுப்பினரை வெளியே போ என்று சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே ஒருவரும் சொல்லவில்லை. அவர் வாசிப்பறைக்குள் நுழைந்தால் எல்லா முகமும் பத்திரிகைக்குப் பின்னால் போய்விடும். வராந்தாவில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உடனே ஏதோ வேலை ஞாபகம் வரும். குட் மார்னிங் சொன்னால் அவர் தலைக்கு மேலே எதையோ பார்ப்பார்கள். இரண்டு மாதம் அந்த மனிதரோடு அந்தக் கட்டடத்தில் ஒரு வெள்ளைக்காரரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

பேசியவன் நான்தான். அவரும் என்னிடம்தான் பேசினார். அதுவும் தமிழில். இங்கிலீஷ்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு தமிழை நான் கேட்டதில்லை, பெண்சாதியிடம் கற்ற தமிழ்.

"என்ன தம்பி, சோறு வெந்துட்டா? வயிறு கூப்பாடு போடுது."

"ரொட்டியாக்கும் தொரை இன்னைக்கு."

"போச்சு போ. எம் பொண்டாட்டி இருந்திருந்தா இந்த ரொட்டியத் தூக்கி ஆட்டுக்குப் போட்டிருப்பா."

சாப்பாட்டு அறையில் கடைசி மேசை அவருடையது. மற்றவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு வருவார். நான் பின்னால் நின்றபடி பேசிக்கொண்டிருப்பேன். மகளைப் பற்றி, அட்டைக் கடியைப் பற்றி, இறந்துபோன அந்த அம்மாள் கோபம் வந்தால் தன்னை எப்படித் திட்டுவாள் என்பதைப் பற்றி. என் ஊர்க் கடிதத்தைக்கூட அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் சொல்வோம். சொல்வோமே தவிர, நாலாம் நாளும் இலை போட்டுவிடுவோம். கிளப் செக்ரட்டரி வேறு ரகம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். அவர் ஊரில் அந்தக் காலத்தில் விருந்தாளி வந்தால் சூடாக வாட்டிய நல்ல கறி வைப்பார்களாம். வந்தவர் போகாமல் ஒட்டிக்கொண்டால் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்களாம். ஆட்டின் தோள்பகுதி, அதுதான் மட்டமான கறி, முந்தின நாள் மிஞ்சியதை ஆறினது ஆறினபடி தட்டில் வைப்பார்களாம். விருந்தாளி புரிந்துகொண்டு மறுநாள் குதிரைக்குச் சேணம் கட்டச் சொல்வாராம். ஒருவரை மதிக்காமல் ஒதுக்குவதற்கு கோல்ட் ஷோல்டர் என்ற பேச்சே அதிலிருந்துதான் வந்தது என்றார்.

"இன்றிலிருந்து கடைசி மேசைக்கு அதுதான். புரிந்ததா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யெஸ் சார்" என்றேன். ஒரு வார்த்தையின் பூர்வீகம் தெரிந்துகொண்டதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மடையன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஆறின கறித் துண்டுகளை வைத்தேன். சின்ன தொரை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் ஊர்க்கதை அவருக்குத் தெரியாதா என்ன.

"செக்ரட்டரி சொன்னாரா?"

நான் தலையாட்டினேன்.

"சரி விடு. கம்பங்கூழும் பழையதும் குடிச்ச வயிறு தம்பி இது. இதெல்லாம் ஒண்ணும் செய்யாது." சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அடுத்த பத்து நாளும் அதுவே. பத்து நாளும் அவர் என்னோடு சிரித்துப் பேசினார். உத்தரவு என்னுடையது இல்லை, அது அவருக்கும் தெரியும் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

பதினோராம் நாள் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். கிரேஸுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பையன் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அப்பா உபதேசியார், அதாவது கிராமத்துச் சபையில் போதகருக்குத் துணையாக ஜெபம் நடத்துகிறவர். பெண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்துவிட்டார்கள், பிடித்துவிட்டது. இனி பெண்ணைப் பெற்றவர் வீட்டில் வந்து கைநனைப்பதுதான் பாக்கி.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். முடிவானால் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கைநனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. இலையில் கைவைக்காமல் எழுந்துவிட்டால் அதோடு முடிந்தது, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இலையில் ஆறினதை, மிஞ்சினதை வைத்தால், உங்களோடு உறவு எங்களுக்கு வேண்டாம் என்று நாமே சொன்னதாக ஆகிவிடும்.

"எனக்குன்னு இருக்கிற வீடு இப்போ இதுதானே தம்பி" என்றார் சின்ன தொரை. "உறுப்பினர் விருந்தாளி கூட்டிட்டு வரலாம்னு சட்டத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றாங்க. எனக்கு எத வேணாலும் வை. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சூடா வச்சிரு. எம் மகளுக்கு அம்மா இல்ல, வீடு இல்ல, அப்பனும் இந்த லட்சணம். இந்த ஒரு சோறுதான் நான் அவளுக்குச் செய்யப் போறது."

"அது எனக்க பொறுப்பாக்கும் தொரை" என்றேன். அப்படித்தான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை செக்ரட்டரி கூப்பிட்டார். கறுப்பு விருந்தாளிகளைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைப்பதை அவரால் தடுக்க முடியவில்லை. அந்த ஆத்திரம் முகத்தில் தெரிந்தது. "இன்றைக்கும் அதே சாப்பாடுதான். மூன்று தட்டிலும். நான் அடுத்த அறையில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். சூடாக ஏதாவது குசினியிலிருந்து வந்தால் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் போய்விடு. வராவிட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து நீதான் ஹெட் பட்லர்."

ஹெட் பட்லர்! எங்கள் ஊரில் அந்தப் பதவிக்கு வந்தவர் அதுவரை யாருமில்லை.

குசினியில் சமையல்காரர் கோழிக்குழம்பு வைத்திருந்தார். வேலைக்காரர்களுக்கு என்று பெயர், உண்மையில் சின்ன தொரைக்காகத் தன் வீட்டுக் கோழியைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

"எடோ, இதெடுத்து அவங்க முன்னால வெச்சா மதி, அது போதும்" என்றார். "பின்னெ வர்றது வரட்டும். நோக்காம்."

"உமக்கென்ன, போறது எனக்க வேலையல்லவா?"

"நான் வெச்சுத் தரும். சூடோ, ஆறினதோ, கொண்டுபோகிறது நீயாணு." குழம்புச் சட்டியை அடுப்பு மேலேயே வைத்துவிட்டு விறகை மட்டும் இழுத்துவிட்டார்.

நான் ஆறின தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

உபதேசியாரும் அவர் மனைவியும் பஸ்ஸில் வந்து கரமனைப் பாலம் கடந்து இறங்கி, மிச்ச தூரம் வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். உபதேசியாரின் கோட்டு முதுகில் நனைந்திருந்தது. அந்த அம்மாள் வெள்ளைப் புடவை, காதில் ஒன்றும் இல்லை, செருப்பைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டார். சின்ன தொரை பழைய கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மேசைப் பக்கத்தில் நின்றார். அந்தப் பெரிய அறையில் வேறு ஒருவரும் இல்லை. அடுத்த அறையில் செக்ரட்டரியின் சுருட்டு வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

தட்டுகளை வைத்தேன். சாம்பல் நிறத்தில் கறித் துண்டு, ஓரத்தில் வெள்ளையாக உறைந்த கொழுப்பு, ஆறின உருளைக்கிழங்கு, காலையில் வெட்டிய ரொட்டி. சின்ன தொரை தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

உபதேசியார் ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிவிட்டு அந்த அம்மாள் கையை நீட்டினார், விரல் பட்டதும் பின்னால் இழுத்துக்கொண்டார். புருஷன் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னிடம் கேட்டார். என் முகத்தைப் பார்த்தே நம்ம ஊர்ப் பிள்ளை என்று கண்டுபிடித்திருப்பார்.

"மக்ளே, இங்க இப்பிடித்தான் வைக்கியதா?"

உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த இடம்தான், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஆறின கறியை வைக்காமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை, சரி, வயிற்றுப் பிழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு, "ஆமா அம்மா, தொரைமாருக்க வழக்கம் இப்பிடியாக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் நம்பிச் சாப்பிட்டிருப்பார்கள். செக்ரட்டரிக்குத் தமிழில் வா போ கூடத் தெரியாது. என் வேலைக்கு ஒரு ஆபத்தும் வந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. பரிமாறுகிறவன் விருந்தாளி பேச்சில் கலந்துகொள்ளக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தமிழே தெரியாதவன் மாதிரி நின்றேன். ஒன்றாம் தேதி, ஒன்றாம் தேதி என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

உபதேசியார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்துவிட்டால் முடிந்தது.

அப்போது சின்ன தொரை பேசினார். "அம்மா, வழக்கம் இது இல்ல. எனக்கு இங்க மதிப்புக் கிடையாது. நான் போகணும்னு சொல்றதுக்காக இப்படி வச்சிருக்காங்க. உங்களுக்கு வச்சது இல்ல, எனக்கு வச்சது. எம் மக மேல இத ஏத்திராதீங்க. அவ நல்லவ."

அவர் கண்ணில் நீர் நின்றது. ஒரு வெள்ளைக்காரர் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த அம்மாள் புருஷனின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். "இரிங்க" என்றார். பிறகு கறித் துண்டைக் கையாலேயே பிட்டு வாயில் போட்டு, மென்று விழுங்கினார்.

"ஆறினது தின்னு வளந்தவதான் நானும். இதுல என்ன இருக்கு?" என்றார். "ஒங்க மொவ எங்க வீட்டுல சூடாட்டுத் தின்னட்டு."

உபதேசியாரும் உட்கார்ந்தார். மூன்று பேரும் தட்டுகளில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். கைகழுவ நான் தண்ணீர் கொண்டுபோனபோது அந்த அம்மாள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது திட்டியிருக்கலாம்.

ஒன்றாம் தேதி நான் ஹெட் பட்லர் ஆனேன். கோட்டில் பித்தளைப் பொத்தான் தைத்துக் கொடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து, தம்பானூர் லாட்ஜில் ஒரு காலேஜ் புரொஃபசர் வந்து தங்கினார். அவரிடம் கோல்ட் ஷோல்டர் கதையைச் சொன்னேன். சிரித்தார். அந்தக் கறிக்கதை பின்னால் யாரோ கட்டிவிட்டது, அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது என்றார். பழைய ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதியதில் கோல்ட் ஷோல்டரைக் காட்டினார் என்றுதான் வருமாம். முகம் கொடுக்காமல் தோளைத் திருப்பிக்கொண்டு நிற்பது, அவ்வளவுதானாம், தட்டும் கிடையாது கறியும் கிடையாது என்றார். அவருக்கு அது ஒரு சுவாரசியமான விஷயம். எனக்கு அப்படி இல்லை. எவனோ கட்டிவிட்ட கதையை நம்பி ஒருவர் உத்தரவு போட்டிருக்கிறார், நான் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

மானேஜர் சொன்னார், நான் செய்தேன் என்று நாளைக்கு நீங்களும் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் விருந்தாளிக்கு மானேஜர் முகம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். செய்யத்தான் வேண்டும் என்று வந்துவிட்டால், வாயையாவது அவர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன தொரை போனதை இன்னும் சொல்லவில்லை. கைநனைத்த மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார். மகள் பக்கத்தில் மார்த்தாண்டத்தில் சிறிய வீடு பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. முதலில் பின்கட்டுக்கு வந்து சமையல்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தண்ணீர் இறைக்கிறவரிடம் கல்யாணத்துக்கு வரச் சொன்னார். எல்லாம் தமிழில்தான், அவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். நான் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் வண்டிப் பக்கம் நின்றேன். ராத்திரி முழுக்க யோசித்துவைத்திருந்தேன், தொரை, என்ன மன்னிக்கணும் என்று. அவர் படி இறங்கி வந்தார். கிளப்பை விட்டுப் போகும் உறுப்பினர்கள் பட்லருக்குக் கைகொடுப்பது வழக்கம். அதன்படி கையை நீட்டினார்.

"குட் பை, பட்லர்" என்றார். "தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்."

கோபமே இல்லாத குரல். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத இங்கிலீஷ். நான் வாயைத் திறந்தேன்.

"தேங்க் யூ, சார்" என்றுதான் வந்தது.